புயலும் கடலின் வெப்பமும்: கொலாபா முதல் ஒக்கி வரை ஒரு வரலாற்றுப் பார்வை

வடாலாவிலிருந்து ஆணிக் பக்கம் போகிற வழியில் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பழைய உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்த நம் குடும்பங்களுக்கு உப்பளம் ஒன்றும் புதிதல்ல. பாத்தி கட்டிக் கடல்நீரைத் தேக்கி வெயிலில் விட்டால் தண்ணீர் போய் உப்பு நிற்கும். தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டால் "ஆவியாப் போச்சு" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த ஆவியோடு வெப்பமும் சேர்ந்து போகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கிற நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப் போல ஏறக்குறைய 8 மடங்கு வெப்பம் அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க வேண்டும். ரசம் கொதிக்கச் சில நிமிடம்தான், அதே ரசம் வற்றிப்போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் இந்தக் கணக்கு புரிந்துவிடும். அப்படிச் செலவான வெப்பம் அழிவதில்லை. ஆவிக்குள்ளேயே ஒளிந்துகொண்டு போகிறது. பள்ளிக்கூடத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்தோமே, அதுதான். ஆவி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது அது வெளியே வந்து சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று எழும்ப, கீழே அழுத்தம் குறைய, அந்த இடத்தை நோக்கி மேலும் காற்று ஓடி வருகிறது. புயல் என்கிற இயந்திரத்துக்கு எரிபொருள் இதுதான்.

கடல் எவ்வளவு வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது என்று அளந்து, கணித்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற வேலை ஏறக்குறைய 180 ஆண்டுக் கதை. அந்தக் கதையில் நம்ம மும்பைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. வெளியே அதிகம் பேசப்படாத அத்தியாயம் என்பதால் இந்த மலரில் எழுதத் தோன்றியது.

கதையின் தொடக்கம் கல்கத்தாவில். 'சைக்ளோன்' என்ற சொல்லையே உருவாக்கியவர் அங்கே வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். முன்னாள் கப்பல் கேப்டன். புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளை வாங்கிப் படித்து, எந்த நேரத்தில் எந்தத் திசையில் காற்று அடித்தது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். பாம்பு சுருண்டு கிடப்பது போலக் காற்று வட்டமாகச் சுழல்வது தெரிந்தது. சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார். 1848-இல் வந்த அவருடைய மாலுமிகளுக்கான கையேடு அந்தப் பெயரை நிலைநாட்டியது. சுழற்சி தெரிந்தது, சக்தி எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை.

1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கிய பிறகு, வங்கக் கடல் புயல்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் ஜான் எலியட். 1890-இல் அவர் வெளியிட்ட கையேடு நீராவி குளிர்ந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பமே புயலை ஓட்டுகிறது என்ற கருத்தை வலியுறுத்தியது. இன்றைக்கும் அது சரிதான். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: உள்ளே இருக்கிற ஆவியெல்லாம் மழையாய்க் கொட்டித் தீர்ந்த பிறகும் புயல் நாலு நாள், அஞ்சு நாள் எப்படி நிற்கிறது? யார் அதற்கு மறுபடி மறுபடி சாப்பாடு போடுகிறார்கள்?

நம்ம ஊரில் கொலாபா வானாய்வகம் 1826-இல் கப்பல்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்க ஏற்பட்டது. 1841-இலிருந்து அங்கே காந்தப்புலமும் வானிலையும் தொடர்ச்சியாக அளக்கப்பட்டன. 1896-இல் நானாபாய் மூஸ் அதன் முதல் இந்திய இயக்குநரானார். பம்பாயில் மின்சார டிராம் வரப்போவதை உத்தேசித்து, காந்தக் கருவிகளை மட்டும் 1904-இல் அலிபாகுக்குக் கொண்டு போனார்கள். காற்று, மழை, அழுத்தப் பதிவுகள் கொலாபாவிலேயே நின்றன.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். 1882 ஜூனில் பம்பாயைப் பெரும் புயல் தாக்கி ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்று பல புத்தகங்களிலும் பட்டியல்களிலும் பார்க்கலாம். நம்மவர்களும் மேடையில் சொல்வதுண்டு. அது நடக்கவே இல்லை. எழுத்தாளர் அமிதாவ் கோஷ் தேடிப் பார்த்தார், அந்தக் காலத்துப் பதிவுகளில் அப்படி ஒரு பேரழிவின் தடயமே கிடைக்கவில்லை. பம்பாயை உண்மையில் தாக்கிய புயல் 1948 நவம்பரில் வந்தது. இல்லாத புயலை நினைவில் வைத்துக்கொண்டு வந்த புயலை மறந்துவிட்ட ஊர் இது.

அதே 1948-இல் பின்லாந்து விஞ்ஞானி எரிக் பால்மேன் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். கடலின் மேற்பரப்பு 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் இடங்களில்தான் இந்த வகைப் புயல்கள் பிறக்கின்றன என்று. கடல் சும்மா மேடை இல்லை, நடிகர்களில் ஒருவர் என்பது தெளிவாயிற்று. பிறகு அமெரிக்காவில் ஹெர்பர்ட் ரீல், ஜோன் மால்கஸ் இருவரும் 1960 வாக்கில் எளிய ஆனால் ஆழமான ஒரு கவனிப்பை வைத்துக் கணக்குப் போட்டார்கள். புயலின் நடுவில் அழுத்தம் குறைவு. வெளியிலிருந்து அங்கே ஓடி வரும் காற்று விரிவடையும். விரியும் காற்று குளிர வேண்டும். ஆனால் கடல்மட்டத்தில் அளந்தால் அது அவ்வளவாகக் குளிரவே இல்லை. அப்படின்னா, வருகிற வழியெல்லாம் கீழேயிருந்து யாரோ சூடு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வேறு யார், கடல்தான். 1969-இல் கட்சுயுகி ஓயாமா ஒரு கணினி மாதிரியில் புயலையே உருவாக்கிக் காட்டினார். கடலிலிருந்து வரும் வெப்பம்தான் அந்த மாதிரிப் புயலை உயிரோடு வைத்திருந்தது. அதை வெட்டிவிட்டால் புயலால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் நடுவில்தான் பம்பாய் வருகிறது. 1959 முதல் 1965 வரை சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. ஏறக்குறைய 40 கப்பல்கள், பல நாடுகள். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கிஸ்த்னாவும் அதில் ஒன்று. அதன் வானிலைப் பகுதிக்காக 1963-இல் கொலாபாவில் சர்வதேச வானிலை மையம் அமைந்தது. தலைமை ஏற்றவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் ராமேஜ். கப்பல்களும் தீவுகளும் தந்திக் குறியீட்டில் அனுப்பும் காற்று, வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் இங்கே வந்து சேரும். இங்கே உட்கார்ந்து அதைப் பிரித்துப் படித்து, இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் நாள்தோறும் வரைபடம் போட்டார்கள். ஐபிஎம் 1620 கணினி ஒன்றும் வந்தது. இன்றைய கைப்பேசியின் முன்னால் அது ஒன்றுமே இல்லை, ஆனால் அன்றைக்கு இந்திய வானிலைக்காரர்கள் கைக்குக் கிடைத்த முதல் கணினிகளில் அது ஒன்று. பிறகு அது புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துக்குப் போயிற்று.

விமானங்களும் பம்பாயிலிருந்து பறந்தன. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பங்கர், 1963, 64-ஆம் ஆண்டுகளில் அரபிக்கடல் மேல் தாழப் பறந்து, காற்று எவ்வளவு வேகம், எவ்வளவு ஈரம், கடலுக்கும் காற்றுக்கும் நடுவே என்ன கொடுக்கல் வாங்கல் என்று அளந்தார். சோமாலியாக் கரையை ஒட்டி ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அங்கே கடல் பெரிதாக எதையும் கொடுக்காது. கிழக்கே வர வர, நம் கரைப் பக்கம், கணக்கு மாறுகிறது. ஒரே கடலில் ஒரு மூலை கஞ்சன், ஒரு மூலை கொடையாளி.

அந்த அளவீடுகளை வைத்துப் பெரிய கேள்வியைக் கேட்டவர் பி.ஆர். பிஷாரடி. கொல்லங்கோட்டுக்காரர் (மாட்டுங்காவில் அந்த ஊரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை). சி.வி. ராமனிடம் வேலை செய்தவர், கொலாபா, அலிபாக் வானாய்வகங்களின் இயக்குநராக இருந்து, 1962 நவம்பரில் புனே நிறுவனத்தின் முதல் இயக்குநரானவர். தென்மேற்குப் பருவமழையாய் நம் தலையில் கொட்டுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கிலிருந்து வருகிறதா, அரபிக்கடலிலேயே ஆவியாகிறதா? ஒரு பக்கம் உள்ளே வரும் ஈரம், மறுபக்கம் மேற்குக் கரையைத் தாண்டிப் போகும் ஈரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரபிக்கடல் தந்தது. 1965-இல் அவர் சொன்ன விடை: அரபிக்கடலின் பங்குதான் பெரிது. அதே புனே நிறுவனத்தின் கே.ஆர். சாகா 1970-இல் வேறு கணக்கோடு வந்தார். நிலநடுக்கோட்டைத் தாண்டி வருவதே பெரிது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சாகா பக்கம் சாய்ந்தன. ஆனாலும் பிஷாரடியின் கேள்விதான் பெரியது என்பது என் அபிப்பிராயம். அரபிக்கடலை ஒரு கணக்குப் புத்தகமாகப் பார்த்து, வரவு எவ்வளவு செலவு எவ்வளவு என்று எழுதிப் பார்க்கும் வழக்கம் அங்கேதான் வேர்விட்டது.

கொலாபாவில் நாள்தோறும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான், 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடி போனது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே ஏறக்குறைய 5 டிகிரியில் புயலாகி, இலங்கையைக் கடந்து, பாக் நீரிணைக்கு வந்தது அது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. ராமநாதபுரத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களில் அந்த ராத்திரியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இன்றைக்கும் உண்டு. புயல் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரியும். இன்னும் 12 மணி நேரத்தில் அது எவ்வளவு வலுக்கும் என்று சொல்லத்தான் யாரிடமும் கருவி கிடையாது.

அந்தக் கருவியைச் செய்ய என்ன தேவை? கடலிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தைக் கணக்கிட ஒரு பெருக்கல் போதும். காற்றின் வேகம், அத்தோடு கடல்பரப்பை ஒட்டிய ஈரத்துக்கும் மேலே உள்ள காற்றின் ஈரத்துக்கும் உள்ள வித்தியாசம், அத்தோடு ஒரு எண். ஈரத்துணி காற்றடித்தால் சீக்கிரம் காயும், மழைக்காலத்தில் ஜூலை முழுக்கக் காயவே காயாது. நம்ம சால் வீடுகளின் கொடிக்கயிறே இதற்குச் சாட்சி. முதல் இரண்டையும் அளக்கலாம். மூன்றாவது, அந்த எண், கெழு என்பார்கள், அதுதான் தலைவலி.

காற்று கடலுக்கு இரண்டு வேலை செய்கிறது. வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அதே நேரத்தில் அலையோடு உராய்ந்து தன் வேகத்தை இழக்கிறது. ஒன்று வரவு, ஒன்று செலவு. இரண்டுக்கும் தனித்தனிக் கெழு. அமெரிக்காவின் கெர்ரி இமானுவேல் 1986-இலிருந்து எழுதிய கட்டுரைகளில் ஒரு புயல் அதிகபட்சம் எவ்வளவு வலுப்பெறலாம் என்பது இந்த இரண்டு கெழுக்களின் விகிதத்தைப் பொறுத்தது என்று காட்டினார். ஆனால் இரண்டுமே அமைதியான அல்லது நடுத்தரக் காற்றில் அளந்தவை. மணிக்கு 150 கி.மீ. காற்றில் எந்தக் கப்பல் நின்று அளக்கும்? மிதவைகள் அறுந்து போகும். ஆகவே குறைந்த காற்றில் கிடைத்த கோட்டை அப்படியே மேலே நீட்டிவிட்டார்கள். காற்று கூடக் கூட உராய்வும் கூடிக்கொண்டே போகும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் கணினிப் புயல்கள் பாதி வழியிலேயே களைத்துப் போயின, உண்மைப் புயல்களோ களைக்கவில்லை.

2003-இல் மார்க் பவலும் கூட்டாளிகளும், புயலுக்குள் விமானத்திலிருந்து போட்ட நூற்றுக்கணக்கான சிறு பாராசூட் கருவிகளின் பதிவை வைத்து உண்மையைக் காட்டினார்கள். காற்று மணிக்கு 120 கி.மீ. அளவை எட்டியதும் உராய்வுக் கெழு ஏறுவதை நிறுத்திவிடுகிறது. அலையின் தலையைக் காற்றே கிள்ளி எறிந்து, கடல்பரப்பு முழுதும் நுரையும் தூவானமுமாய் ஆகிவிடும்போது காற்றுக்குப் பிடிமானம் குறைகிறது. அதே ஆண்டில் அட்லாண்டிக்கில் ஃபேபியன், இசபெல் என்ற புயல்களுக்குள் சில நூறு அடி உயரத்தில் விமானம் ஓட்டி நேரடியாகவே அளந்தார்கள். உராய்வு இன்னும் முன்னாலேயே நின்றுவிடுவது போலத் தெரிந்தது. வெப்பக் கெழு காற்றோடு பெரிதாகக் கூடவில்லை. தூவானத் துளிகள் தனியாக எவ்வளவு வெப்பம் தூக்கிப் போகின்றன என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எவ்வளவு வெப்பம் என்று ஓர் அளவு சொன்னால் நல்லது. பலமான புயலின் நடுப்பகுதிக்கு அருகே கடல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1,000 வாட் அளவில் கொடுக்கக்கூடும். மீட்டருக்கு மீட்டர் ஓர் இஸ்திரிப் பெட்டியை வரிசையாய் வைத்து ஸ்விட்ச் போட்டது மாதிரி, பல நூறு சதுர கிலோமீட்டருக்கு.

இப்படி வாரிக் கொடுத்தால் கடல் குளிர்ந்து போகாதா? போகும். புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வருகிறது, புயலின் சாப்பாடு குறைகிறது. வங்கக் கடலில் இதற்கு ஒரு விதிவிலக்கு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. அந்த மூடி இருக்கும்வரை எளிதில் கலங்குவதில்லை. கலங்கினாலும் அடியிலிருந்து வருவது குளிர்நீர் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாசிஸ் சென்குப்தாவும் மற்றவர்களும் 2008-இல், ஆர்கோ மிதவைகளின் பதிவோடு, மழைக்காலம் முடிந்தபின் வடக்கு வங்கக் கடல் புயல் போன பிறகும் அதிகம் குளிர்வதில்லை என்று காட்டினார்கள். ஆகவே காற்றை மட்டும் கணிக்கிற மாதிரி போதாது. கீழே ஒரு கடல் மாதிரியும் ஓட வேண்டும், இரண்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டும். இந்திய வானிலைத் துறை இன்று அமெரிக்காவில் உருவான புயல் மாதிரியை, ஹைதராபாத் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் கடல் கணக்கோடு சேர்த்து ஓட்டுகிறது. நடுக்கடலில் சென்னை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகள் நிற்கின்றன. சென்னையில் பிறந்து ஃப்ளோரிடாவில் பேராசிரியராக இருந்த டி.என். கிருஷ்ணமூர்த்தி, பல மாதிரிகளின் விடைகளை எடை போட்டுச் சேர்க்கும் முறையை 1999-இல் கொண்டுவந்தார். 2018-இல் மறைந்தார். அவருக்கு ஒரு தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு 2017-க்கு வருவோம். நவம்பர் 29 காலையில் இலங்கையின் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் குமரிக்கடலில் அது ஒக்கிப் புயல். டிசம்பர் 2-இல் லட்சத்தீவுப் பக்கம் மணிக்கு 150, 160 கி.மீ. வேகம். தாழ்வு மண்டலம் புயலாக ஒரு நாள்தான் ஆயிற்று. எச்சரிக்கை வந்தபோது குமரி மாவட்டத்துப் படகுகள் பல நாள் தங்கலுக்கு முன்னமே போய்விட்டிருந்தன. அவ்வளவு தூரத்தில் கைப்பேசி எடுக்காது. நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. 68 படகுகளும் ஏறக்குறைய 950 மீனவர்களும் எங்கே கரை சேர்ந்தார்கள் தெரியுமா? இங்கே, மகாராஷ்டிரக் கரையில், தேவ்கட் பக்கம். டிசம்பர் 5-ஆம் தேதி மும்பையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். அம்பேத்கர் நினைவு நாளுக்காகத் தாதர் சைத்யபூமிக்கு வந்திருந்தவர்களை மழைக்காகப் பள்ளிகளில் தங்க வைத்தார்கள். வடக்கே வர வர மேல்காற்றின் இடையூறும் குளிர்ந்த நீரும் சேர்ந்து, தெற்கு குஜராத் கரைக்குள் போகும் முன்பே ஒக்கி ஓய்ந்தது. கடல் கொடுப்பதை நிறுத்தியது, அதுவும் நின்றது. 2019-இல் இன்காய்ஸ், செயற்கைக்கோள் வழியே நடுக்கடலில் எச்சரிக்கை வாங்கும் ஜெமினி கருவியைக் கொண்டுவந்தது.

2021 மே 16-17 இரவு தவ்தே புயல் அரபிக்கடலில் திடீரென்று வலுத்தது. கடல் அப்போது 30, 31 டிகிரி. மும்பைக்கு மேற்கே 150 கி.மீ. தள்ளிப் போனதற்கே கொலாபாவில் காற்று 114 கி.மீ. வரை எகிறியது. பாம்பே ஹை எண்ணெய் வயலில் பி-305 என்ற பார்ஜ் 261 பேரோடு நங்கூரம் அறுந்து மிதந்து மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புயல் வருவது சில நாள் முன்னமே தெரிந்திருந்தது.

ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் பாதையில் பிழை இப்போது 100 கி.மீ.-க்குக் கீழே வந்துவிட்டது. திடீர் வலுப்பைச் சொல்வதில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. அதற்கான கெழுக்கள் பெரும்பாலும் அட்லாண்டிக்கில் அளந்தவை. நம் இரு கடல்களிலும் புயலுக்குள் வழக்கமாக விமானம் ஓட்டி அளக்கும் ஏற்பாடு கிடையாது. 1963-இல் பம்பாயிலிருந்து பங்கர் பறந்த அந்தத் தாழ்ந்த உயரத்தில், புயல் நாளில், இங்கே வழக்கமாக யாரும் போய் அளப்பதில்லை.